கொஞ்சமாத்தான் ஊத்தினேன்

பவுடர் அக்கா தன் முகத்துக்குப் பவுடர் போட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் போட்டுவிடுவதெல்லாம் வண்டிகளுக்குத்தான்.

எண்ணெய் ஒழுகுகிறது என்று ஒரு வண்டி வந்து நின்றால் அவள் உடனே ஸ்பேனரைத் தூக்குவதில்லை. முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் இஞ்சினைச் சுற்றியிருக்கும் பிசுக்கு முழுவதையும் துடைத்தெடுப்பாள். அதற்கே ஒரு மணி நேரம் ஆகும். காய்ந்த பிறகு பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, குழாய், மூட்டு, திருகு என்று ஒன்று விடாமல் தூவுவாள். அப்புறம் வண்டியை ஓடவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். எங்கே கசிகிறதோ அங்கே வெள்ளையில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று இறங்கும்.

"பொய் சொல்றவன் மூஞ்சி வேர்க்கிற மாதிரி, அதுவே காட்டிக் குடுத்துடும்" என்பாள்.

எதிர்ப்பக்கம் டயர்க் கடை வைத்திருப்பவர்தான் கேலியாக அந்தப் பெயரை வைத்தார். அவருக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது கூட. ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே, "என்ன பவுடர் அக்கா, இன்னைக்கு யாருக்கு அலங்காரம்?" என்று குரல் கொடுப்பார். மூன்றே மாதத்தில் தெரு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் இப்போது மின்கட்டண ரசீதில் மட்டும்தான் இருக்கிறது. முப்பத்தொரு வயதில் ஊருக்கே அக்காவாகிவிட்டதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஷெட்டும் அவள் கணவரின் தையல் கடையும் ஒரே கட்டடம். நடுவில் சுவர் பாதிதான், மீதிக்குத் திரை. கரி படிந்த கையால் திரையைத் தொடக்கூடாது என்பது தையல்காரர் போட்ட ஒரே சட்டம். அதனால் அவள் முழங்கையால்தான் தள்ளிக்கொண்டு போவாள். முழங்கை மட்டும் சுத்தமா என்ன? திரையில் ஒரே உயரத்தில் வரிசையாகக் கறுப்புத் திட்டுகள். "டிசைன்னு சொல்லிச் சமாளிக்கிறேன்" என்பார் அவர்.

தையல் பக்கத்துச் சுவரில் அவளுடைய பட்டச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வரலாறு. மூட்டை தூக்கும் அப்பா வீட்டில், தலைமுறை தலைமுறையாகத் தேடினாலும் அது ஒன்றுதான் பட்டம். அதைக் கையில் வாங்கிய அன்று அப்பா சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே என்னவா ஆகப்போற?" என்று கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் என்று வீட்டில் கேட்டுப் பார்க்கவும் யாரும் இல்லை.

கிடைத்தது ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் வேலைச் சீட்டு எழுதும் வேலை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வண்டிக்காரர் சொல்லும் குறையைச் சீட்டில் எழுதி, அவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் "கொஞ்சம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் சத்தம் வருதுங்க. கொஞ்சம் இழுக்குதுங்க. அந்தக் கொஞ்சம் தெருவையே எழுப்பும் சத்தமாகவும் இருக்கும், சொந்தக்காரர் காதுக்குள் மட்டும் கேட்கும் சத்தமாகவும் இருக்கும். உள்ளேயிருந்து மெக்கானிக்குகள் அவளைப் பிடித்துக்கொள்வார்கள்: "கொஞ்சம்னா எவ்வளவு? கேட்டு எழுத மாட்டியா?" அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் முதன்முதலாக எழுந்து போய் வண்டிக்குள் தலையை விட்டாள். ஆறு வருடத்தில் தலையோடு கையும் போயிற்று. மாலை வகுப்பில் சேர்ந்து தொழில் சான்றிதழும் வாங்கிவிட்டாள்.

வரலாறு படித்துவிட்டு வண்டி ரிப்பேரா என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "இதுவும் அதுதாங்க. முன்னாடி என்ன நடந்ததுன்னு கண்டுபிடிக்கணும், யார் சொல்றது உண்மைன்னு பார்க்கணும்." நல்ல பதில்தான். சொல்லி முடித்ததும் சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும். இது உண்மையா, இல்லை சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போனதா?

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒரு வெளிர்நீல வண்டி, பிடிபட்ட எலி மாதிரிக் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து ஷெட் முன்னால் நின்றது. இருபத்திரண்டு வயது வண்டி. ஓட்டி வந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பக்கத்துச் சீட்டிலிருந்து இறங்கியவர் அவர் கணவர், அதே பகுதியில் தபால் கொடுத்து ஓய்வுபெற்றவர். தபால்காரர் தன் மனைவியை வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"பவுடரு, நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்" என்றார் டீச்சர், வணக்கம் கூடச் சொல்லாமல். "ரெண்டு தடவை போச்சு. இது மூணாவது. இதுவும் போனா முதல்ல இருந்து பதிஞ்சு, வகுப்புக்குப் போயி, எல்லாம் மறுபடியும்."

"நாளைக்கு டெஸ்டுன்னா இன்னைக்கு ஓட்டிப் பழகுங்க டீச்சர். இங்க என்ன வேலை?"

"ஸ்டியரிங் ஆயில் ஒழுகுது. பெரிய ஒர்க்ஷாப்ல காட்டினோம். சக்கரத்தைத் திருப்புற ரேக்கே போச்சாம். இந்த மாடலுக்கு இப்போ ரேக் வர்றதில்லையாம். பழைய இரும்புக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டான்."

"நானும் அதான் சொல்றேன்" என்றார் தபால்காரர். "இந்த வயசுல எதுக்கு டீச்சர் இந்த வம்பு? பஸ் இல்லையா, ஆட்டோ இல்லையா?"

டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வலது கை மணிக்கட்டை அக்காவிடம் நீட்டினார். போன வருடம் படியில் விழுந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்த தழும்பு. "ஸ்டியரிங் லேசா இருந்தா ஒரு விரல்ல திருப்புவேன். இறுகிப்போச்சுன்னா இந்தக் கை வராது. இருபது வருஷம் பக்கத்துச் சீட்டுல உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாச்சு, போதும். நான் நெனச்ச நேரத்துல நெனச்ச இடத்துக்குப் போகணும். அவ்வளவுதான்."

அக்கா இஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பம்ப், குழாய்கள், அடியில் இருக்கும் ரேக், அதன் ரப்பர் உறைகள் எல்லாம் எண்ணெயில் குளித்திருந்தன. பெரிய ஒர்க்ஷாப்காரன் சொன்னது சரிதானோ?

"நீங்க யாராவது ஆயில் ஊத்தினீங்களா?"

"இல்லையே" என்றார் டீச்சர்.

"இல்லையே" என்றார் தபால்காரர்.

இரண்டும் ஒரே நொடியில் வந்து விழுந்தன. டீச்சர் வானத்தைப் பார்த்தார், தபால்காரர் டயரைப் பார்த்தார். ஆறு வருடம் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவளுக்கு அந்தப் பார்வைகள் புதிதல்ல. ஆனால் எது பொய் என்றுதான் தெரியவில்லை.

துடைக்க ஆரம்பித்தாள். மூன்று துணி போயிற்று, நான்காவதில்தான் இரும்பின் நிறம் தெரிந்தது. பவுடரைத் தூவிவிட்டு, "டீச்சர், ஸ்டார்ட் பண்ணி ஸ்டியரிங்கை அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் மெதுவா திருப்புங்க" என்றாள்.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ரேக் கல்யாணப் பெண் மாதிரி வெள்ளையாகவே இருந்தது. பம்ப் பக்கமும் ஈரம் இல்லை. ஆனால் வண்டி சூடாகச் சூடாக, மேலே இருக்கும் எண்ணெய் டப்பாவின் மூடி விளிம்பில் நுரை கட்டியது. பிறகு அங்கிருந்து எண்ணெய் பொங்கி, டப்பாவைச் சுற்றி வழிந்து, கீழே இருந்த எல்லாவற்றின் மேலும் சொட்டியது.

வண்டியை அணைக்கச் சொல்லி மூடியைத் திறந்தாள். எண்ணெய் நிற்க வேண்டிய கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. ஒழுகுகிற வண்டியில் எண்ணெய் குறைய வேண்டும். இதிலோ கூடியிருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. இந்த வண்டிக்குச் சிவப்பு எண்ணெய். துணியில் ஒற்றிப் பார்த்தால் ஆரஞ்சு நிறமாக இருந்தது.

அந்த நேரம் டீச்சர், "பையோட வார் அறுந்துபோச்சு, உன் வீட்டுக்காரர்கிட்ட தைக்கக் குடுக்கணும், வா" என்று அவளைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். வார் நன்றாகத்தான் இருந்தது. பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பாட்டிலைக் காட்டினார். உள்ளே மஞ்சள் எண்ணெய்.

"ஊத்தினேன்" என்றார் ரகசியமாக. "தினம் காலையில அவர் பேப்பர் படிக்கும்போது. ஆயில் கொறைஞ்சதைப் பார்த்தா வண்டியை வித்துடுவாரு. அதான், கொறையாம பார்த்துக்கிட்டேன். கொஞ்சமாத்தான் ஊத்தினேன். அவர்கிட்ட சொல்லிடாதே."

"சொல்லலை டீச்சர். ஆனா இது மஞ்சள் ஆயில். உங்க வண்டிக்குச் சிவப்பு."

"ஸ்டியரிங்குன்னு எழுதியிருந்துச்சும்மா."

"பாதி மார்க் போடலாம்."

அக்கா வெளியே வந்து கை கழுவக் குழாயடிக்குப் போனாள். மஞ்சள் வந்த வழி தெரிந்துவிட்டது. ஆனால் காலையில் கொஞ்சம் ஊற்றினால் டப்பா இந்த அளவுக்கு நிறையாதே? மஞ்சள் இத்தனை ஊற்றியும் சிவப்பு இவ்வளவு மிச்சம் இருக்கிறதே? யோசித்துக்கொண்டு நிமிர்ந்தால் பக்கத்தில் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். தோளில் பழைய தபால் பை. ஓய்வுபெற்றும் அவர் அதை விடவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை ஒரு இன்ச் வெளியே எடுத்துக் காட்டினார். சிவப்பு எண்ணெய்.

"நான்தாம்மா. தினம் சாயங்காலம் டீச்சர் நடக்கப் போன பிறகு. கொஞ்சமாத்தான் ஊத்தினேன்."

"நீங்க வண்டியை விக்கணும்னு சொன்னீங்களே சார்."

"சொல்றது வேறம்மா. ஆயில் கொறைஞ்சு ஸ்டியரிங் இறுகினா அவ கை வலிக்கும். வலிச்சா முனகுவா. முனகினா என் தூக்கம் போகும்." பாட்டிலைப் பைக்குள் தள்ளினார். "நான் ஊத்துறது தெரிஞ்சா, 'அப்போ நான் ஓட்டறதுல உங்களுக்கு ஆசைதானே'ன்னு என்னை ஓட்டித் தள்ளிடுவா. அவகிட்ட சொல்லிடாதே."

அக்கா சோப்பு நுரையோடு நின்றாள். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். எங்கேயோ ஒரு சின்னக் கசிவு இருந்திருக்கிறது. அதில் போனதைவிட இவர்கள் ஊற்றியது அதிகம். அது பொங்கி வழிந்ததைப் பார்த்துப் பயந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். வழிந்த எண்ணெயில் ரேக் குளித்திருக்கிறது, பெரிய ஒர்க்ஷாப்காரன் துடைத்துப் பார்க்காமலேயே அதற்கு மாலை போட்டுவிட்டான்.

முழங்கையால் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தையல்காரர் மெஷினில் தலையைக் கவிழ்த்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"ரெண்டு பேரும் சொன்னது கேட்டுச்சா?"

"குழாயடியில சொன்னதும் கேட்டுச்சு. என்கிட்டயும் இப்படித்தான், 'கொஞ்சம் லூசா தைங்க'ம்பாங்க. கொஞ்சத்தை அளக்க மட்டும் ஒருத்தன் டேப் கண்டுபிடிச்சான்னா, நானே அவனுக்குச் சட்டை தைச்சுக் குடுப்பேன்."

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேங்க. ஆனா சொல்லலைன்னா நாளையிலிருந்து மறுபடியும் ஊத்துவாங்க."

"நீ சொல்லாதே. நீ எதுக்குப் படிச்ச? எழுது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் மேசையிலிருந்து வேலைச் சீட்டுக் கட்டை எடுத்தாள். சொந்த ஷெட் போட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை. குறையை எழுதி, வண்டிக்காரர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கையை வைப்பாள். நின்றபடியே எழுதி, சீட்டை வண்டியின் மேல் வைத்து இருவரையும் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "குறை: ஸ்டியரிங் எண்ணெய் வழிகிறது. காரணம்: காலையில் கொஞ்சம், மஞ்சள். மாலையில் கொஞ்சம், சிவப்பு."

படித்து முடித்துக் கண்ணாடிக்கு மேலாகக் கணவரைப் பார்த்தார்.

"சாயங்காலம் யாரு?" என்றார் டீச்சர்.

"காலையில யாரு?" என்றார் தபால்காரர்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"முதல்ல கேள்வி கேட்டவங்கதான் முதல்ல பதில் சொல்லணும். நீதான் டீச்சர்."

"வண்டியை வித்துடலாம்னு வாய் கிழியப் பேசிட்டு, திருட்டுத்தனமா ஆயில் ஊத்தியிருக்கீங்க."

"ஆயில் ஊத்தலைன்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டு, நீ மட்டும் என்ன பண்ணின?"

டீச்சர் மறுபடியும் சீட்டைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தபால்காரர் "கையை ஊனாதே, வலிக்கும்" என்று அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். அதைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தபால்காரர் தேதியும் நேரமும் சேர்த்துப் போட்டார்.

மிச்சமிருந்த சின்னக் கசிவைப் பிடிக்க வேண்டும். அக்கா பெரிய ஊசிக்குழலால் டப்பாவிலிருந்த ஆரஞ்சு எண்ணெயை உறிஞ்சி எடுத்தாள். குழாய்களில் இருந்ததையும் வடித்தாள். சரியான சிவப்பு எண்ணெயைக் கோடு வரைக்கும் ஊற்றி, மறுபடி துடைத்து, மறுபடி பவுடர் தூவினாள். இந்தத் தடவை கால் மணி நேரம் ஆனது. எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாயின் கழுத்தில், கிளிப்புக்குக் கீழே, தலைமுடி அளவுக்கு ஒரு ஈரக்கோடு இறங்கியது.

"வந்துட்டான்" என்றாள்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். டயர்க்காரரும் எங்கிருந்தோ வந்து நான்காவது தலையை நீட்டினார். "இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். வருடக்கணக்காகச் சூடு பட்டு ரப்பர் முனை கல்லாகி வெடித்திருந்தது. கிளிப்பும் துருப்பிடித்துப் பிடி தளர்ந்திருந்தது. குழாயில் நீளம் போதுமான அளவுக்கு இருந்ததால், கெட்டுப்போன முனையைக் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டி எறிந்தாள். நல்ல ரப்பரை உள்ளே தள்ளிப் புதுக் கிளிப் போட்டு இறுக்கினாள்.

கடைசியாகக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைத் தூக்கிவிட்டு டீச்சரை உட்காரச் சொன்னாள். இஞ்சின் அணைந்தபடியே ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்ப வேண்டும். சக்கரம் தரையில் படாததால் கனம் இல்லை. டீச்சர் இடது கையால் திருப்பினார். தபால்காரர் ஜன்னலோரம் நின்று எண்ணினார். அக்கா டப்பாவில் குமிழிகளைப் பார்த்தாள், எண்ணெய் இறங்க இறங்க ஊற்றினாள்.

"பதினேழு" என்றார் தபால்காரர்.

"பதினெட்டு. எத்தனை வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தேன், என்கிட்டயேவா?"

இருபதோ இருபத்தொன்றோ, குமிழி நின்றுவிட்டது. சக்கரத்தை இறக்கி இஞ்சினை ஓடவிட்டாள். எலிச் சத்தம் இல்லை. டீச்சர் வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்துத் திருப்பினார். அது திரும்பியது. மறுபடியும் திருப்பிப் பார்த்தார்.

அவர்கள் கிளம்பும்போதுதான் அக்காவுக்கு மனசு மக்கர் பண்ணியது. இவ்வளவு சுலபமாகவா முடியும்? ரேக்கிலும் ஏதாவது இருந்து, நாளைக் காலை டெஸ்ட் மைதானத்தில் போய் ஒழுகினால்? மகிழ்ச்சியில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிட்டேனா? வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரைக்குள் ஓடினாள். இந்தத் தடவை முழங்கையை மறந்துவிட்டாள். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன.

"ஏங்க, நீங்க அளவு வெட்டற பழுப்புத் தாள்ல பெருசா ஒண்ணு குடுங்க."

தையல்காரர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாளை எடுத்துக் கொடுத்தார். "ஒரு சொட்டு விழுந்தாலும் புதுத் தாள் வேணும் எனக்கு."

"சார், வண்டிக்கு அடியில இதை விரிச்சு வைங்க. காலையில பாருங்க. ஒரு சொட்டு இருந்தாலும் ஏழு மணிக்கே எனக்குப் போன் பண்ணுங்க. நான் வர்றேன். அப்புறம், ரெண்டு பேரும் அந்த டப்பாவைத் தொடக் கூடாது."

"கொஞ்சம் கூடவா?" என்றார் டீச்சர்.

"கொஞ்சம் கூட."

மறுநாள் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல், அவள் ஒரே ஸ்பேனரை மூன்று தடவை தேடினாள். மூன்று தடவையும் அது அவள் பாக்கெட்டில்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு வெளிர்நீல வண்டி தெருமுனையில் சத்தமே இல்லாமல் திரும்பியது. டயர்க் கடைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கு வளைவில் பெரிய பெரிய ஓட்டுநர்களே இரண்டு தடவை பின்னால் எடுப்பார்கள். வண்டி ஒரே வளைவில் உள்ளே வந்து ஷெட் முன்னால் நின்றது. டீச்சர் மட்டும் இருந்தார். பக்கத்துச் சீட்டு காலி.

"சார் எங்க டீச்சர்?" பதறிக்கொண்டு கேட்டாள் அக்கா.

"நடந்து வர்றாரு" என்றார் டீச்சர், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே. "இனிமே பக்கத்துல ஆள் வேணாமே எனக்கு. தனியா ஓட்டிப் பார்க்கணும்னு மைதானத்து வாசல்லயே இறக்கி விட்டுட்டேன்."

அக்காவுக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. டீச்சர் டெஸ்டில் தேறிவிட்டார் என்று புரிந்ததும் அவள் கரிக்கையோடு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கையை எடுக்கவில்லை.

இருபது நிமிடம் கழித்துத் தபால்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். முகத்தில் கோபம் தேடினாலும் இல்லை. நாற்பது வருடம் நடந்த தெருதானே. தோள் பையிலிருந்து, நூல் கட்டிய ஒரு சுருளை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

அவள் நூலைப் பிரித்துத் தாளைத் தையல் மேசையில் விரித்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தேடினாள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஓரத்தில் மட்டும் நாலைந்து சின்னச் சின்னப் புழுதித் தடங்கள், குறுக்கே நடந்து போயிருந்தன.

"ஒழுகலைம்மா" என்றார் தபால்காரர். "பூனைதான் வந்துட்டுப் போயிருக்கு."

தையல்காரர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, சாக்குக்கட்டியால் ஒரு சட்டைக் கையின் அளவை வரைய ஆரம்பித்தார். பூனையின் தடம் வந்த இடத்தில் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

"எவ்வளவு தள்ளினீங்க?" என்றாள் பவுடர் அக்கா.

"கொஞ்சம்" என்றார்.